மூட்டு அழற்சி: பத்து, இருபது ஆண்டுகளில் என்ன ஆகும்?

"இது மூட்டு அழற்சி" என்று மருத்துவர் சொல்லி முடித்ததும் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: இனி நான் எப்படி இருப்பேன்? பெரும்பாலானவர்கள் அதை அங்கே கேட்பதில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். இரவில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, கைபேசியில் தேடுகிறார்கள். முதலில் கண்ணில் படுவது படங்கள். கோணிப்போன விரல்கள், ஒருபக்கம் சாய்ந்துபோன கைகள், சக்கர நாற்காலி. அன்றைய தூக்கம் அதோடு போயிற்று.

அந்தப் படங்கள் பொய்யல்ல. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, நல்ல மருந்துகள் வருவதற்கு முன்னால் நோய்வாய்ப்பட்டவர்களின் கைகள். அல்லது மருந்து வந்த பிறகும் அது பல ஆண்டுகள் பிந்திக் கிடைத்தவர்களின் கைகள். இன்று புதிதாக நோய் தெரியவந்த ஒருவர் அவற்றைப் பார்த்துத் தன் நாளையை முடிவு செய்துகொள்ள வேண்டாம். இந்த நோய் எங்கே போய் முடியும் என்பதில் பெரும்பகுதி, தொடக்க மாதங்களில் என்ன செய்கிறோம், பிறகு அதை எவ்வளவு கவனமாக அளந்து பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. அது ஏன் என்று புரிந்துகொள்ள, மூட்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தேய்மானம் வேறு, அழற்சி வேறு

வயதாகும்போது முழங்காலில் வருவது பெரும்பாலும் தேய்மானம். நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். அழற்சி இதற்கு நேர்மாறு. ஓய்வெடுத்த பிறகுதான் அது தன் முகத்தைக் காட்டும். காலையில் கண் விழிக்கிறீர்கள். கைவிரல்களை மடக்கப் பார்க்கிறீர்கள், மடங்கவில்லை. பல் துலக்கப் பற்பசையின் மூடியைத் திருக முடியவில்லை. சட்டைப் பொத்தானை ஓட்டைக்குள் நுழைக்க ஐந்து நிமிடம் ஆகிறது. ஒரு மணி நேரம் கழித்து, வெந்நீரில் கையை நனைத்து, நாலைந்து வேலை செய்த பிறகு மெல்ல இளகுகிறது. தேய்மானத்திலும் காலை இறுக்கம் உண்டு. அது பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

மருத்துவர் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்களைப் பக்கவாட்டில் பிடித்து மெல்ல அழுத்துவார், கைகுலுக்கும்போது இறுக்கிப் பிடிப்பதுபோல. அழற்சி இருந்தால் அந்தச் சிறிய அழுத்தமே தாங்காது. கணுக்களுக்கு இடையே இருக்க வேண்டிய பள்ளங்கள் வீக்கத்தில் நிரம்பி, முஷ்டி பிடிக்கும்போது அந்த மேடுபள்ளம் தெரியாமல் போயிருக்கும்.

காரணம் என்ன? மூட்டின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அதன் உட்பரப்பு ஒன்றிரண்டு செல்கள் தடிமனுக்கு மேல் இராது. மூட்டை வழுவழுப்பாக வைத்திருக்கும் நீரைச் சுரப்பது அதன் வேலை. கிருமிகளோடு போராட வேண்டிய நோயெதிர்ப்புச் செல்கள் வழிதவறி இந்தச் சவ்வுக்குள் புகுந்து கூடாரம் போட்டுவிடுகின்றன. சவ்வு தடித்து வளர்கிறது, நீர் கோக்கிறது, மூட்டு வீங்கிச் சுடுகிறது. இப்படி நடக்கும் நோய்கள் பல. அவற்றுள் முடக்கு வாதம் பரவலாக அறியப்பட்டது. வயதுவந்தவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவரையோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ பாதிக்கிறது, ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாக. சோரியாசிஸ் என்ற தோல் நோயோடு சேர்ந்து வரும் மூட்டு அழற்சியும், முதுகுத்தண்டைத் தாக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

வீக்கம் வற்றும், அரிப்பு ஆறாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டு அழற்சியில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதலாவது வீக்கம். வலியும் இறுக்கமும் களைப்பும் அதன் பிள்ளைகள். இரண்டாவது அரிப்பு; தோலில் வரும் நமைச்சலல்ல, எலும்பு அரிக்கப்படுவது. தடித்து வளர்ந்த சவ்வு குருத்தெலும்பின் மேல் படர்ந்து, அதன் விளிம்பில் எலும்பைக் கரையான்போல அரிக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரத்தில் சின்னக் கடிபட்ட தடம்போலத் தெரியும்.

வீக்கம் மருந்துக்கு வற்றிவிடும். இன்று முஷ்டி பிடிக்க முடியாதவர் மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம். ஆனால் கரைந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்து பழையபடி ஆவதில்லை. எலும்பில் விழுந்த பள்ளமும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தசைநார்கள் நெகிழ்ந்து மூட்டு விலகிவிட்டால் எந்த மாத்திரையும் அதை நேராக்காது, அறுவை சிகிச்சைதான்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த இரண்டையும் உடம்பு நமக்கு ஒரே மாதிரி உணர்த்துவதில்லை. வீக்கம் கத்திச் சொல்லும். அரிப்பு சத்தமில்லாமல் நடக்கும். வலி மாத்திரையோ சிறிது ஸ்டீராய்டோ வலியை அமுக்கிவிட்டால், நோய் போய்விட்டது என்றே தோன்றும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். முடக்கு வாதத்தில் அரிப்பு விழுபவர்களில் பெரும்பாலோருக்கு அது முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. "கொஞ்ச நாள் பார்ப்போம், தானாகச் சரியாகிவிடும்" என்று நாம் தள்ளிப்போடும் அதே இரண்டு ஆண்டுகள்.

நோயாளியின் செயல்திறனை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒரு வினாத்தாள் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் உருவாக்கி 1980-இல் வெளியிட்டது. அதில் இருக்கும் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. உங்களால் உடை உடுத்திக்கொள்ள முடிகிறதா? கைப்பிடியில்லாத நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? நிரம்பிய குவளையை வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா? குழாயைத் திறந்து மூட முடிகிறதா? சிரமம் எதுவும் இல்லையென்றால் 0, எதையும் செய்ய முடியவில்லையென்றால் 3. ஆண்டுக்கு ஒருமுறை இந்த எண்ணைக் குறித்து வரைந்தால், பலருக்கும் ஒரே வகையான கோடு கிடைக்கிறது. தொடக்கத்தில் எண் உயரத்தில் இருக்கும். சிகிச்சை தொடங்கியதும் முதல் ஆண்டில் சரசரவென்று இறங்கும். சில ஆண்டுகள் தாழ்ந்தே கிடக்கும். பிறகு மெல்ல, மிக மெல்ல, ஏறத் தொடங்கும்.

முதலில் இறங்கியது வீக்கம் வற்றியதால். பின்னால் ஏறுவதற்கு அரிப்பு சேர்ந்துகொண்டே வருவது ஒரு காரணம். வயதும் கூடவருகிற பிற நோய்களும் மீதி. ஆகவே தொடக்கத்தில் வரும் முடக்கம் பெரும்பாலும் மீட்கக்கூடியது, பல ஆண்டு கழித்து வரும் முடக்கம் அப்படியில்லை. நோயாளி மிக மோசமாக உணரும் அந்த முதல் மாதங்கள்தான், மீட்பதற்கு மிக ஏற்ற மாதங்களும். இதை யாராவது அன்றே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் பயத்தில் சுருண்டு படுக்காமல் சிகிச்சைக்கு ஓடியிருப்பார்கள்.

எல்லோருக்கும் ஒரே பாதை இல்லை

மூட்டு வீங்கிய எல்லோரும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்து எழுதிய பழைய ஆய்வுகள் நோயை உண்மையில் இருப்பதைவிடப் பயங்கரமாகக் காட்டின. ஏனெனில் லேசாக வந்து அடங்கிவிட்டவர்கள் பெரிய மருத்துவமனைகளுக்கு வரவே இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 1990 முதல், 16 வயது நிரம்பிய, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மூட்டுகள் குறைந்தது நான்கு வாரம் வீங்கியிருந்த யாரையும், நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திராமல், சேர்த்துக்கொண்டார்கள். ஆண்டுக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள்.

இப்படித் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வுகளில் தெரியவந்தது இது: வந்தவுடன் பெயர் வைக்க முடியாத மூட்டு அழற்சிகளில் கணிசமானவை தாமாகவே அடங்கிவிடுகின்றன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முடக்கு வாதமாக முற்றுகிறது. மீதி வேறு பெயர் பெறுகிறது, அல்லது பெயரில்லாமலேயே தொடர்கிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வருபவை பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ போய்விடும். மூட்டு அழற்சி என்ற சொல்லைக் கேட்டதும் வாழ்நாள் தண்டனை என்று நினைப்பது அதனால்தான் அவசரம். ஆனால் வீக்கம் எவ்வளவு நாள் நீடிக்கிறதோ, தானாக அடங்கும் வாய்ப்பு அவ்வளவு குறைகிறது. மூன்று மாதம் தாண்டிய வீக்கத்தைத் தானாகப் போகட்டும் என்று விடக்கூடாது.

யாருக்கு நோய் கடுமையாகும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடியும். இரத்தத்தில் ருமட்டாய்டு ஃபாக்டரும், குறிப்பாக ஆன்டி-சிசிபி என்ற எதிர்ப்பொருளும் அதிக அளவில் இருப்பது, தொடக்கத்திலேயே பல மூட்டுகள் வீங்கியிருப்பது, அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனைகளான சிஆர்பி அல்லது இஎஸ்ஆர் அளவு உயர்ந்திருப்பது, முதல் எக்ஸ்ரேயிலேயே அரிப்பு தெரிவது ஆகியவை எச்சரிக்கைகள். ஆன்டி-சிசிபி எதிர்ப்பொருள் சிலருக்கு மூட்டு வலிக்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரத்தத்தில் வந்துவிடுகிறது. அப்படியானால் நோய் தொடங்கியது எப்போது? வலி தொடங்கிய அன்று அல்ல என்பது மட்டும் உறுதி.

இந்த வரிசையில் நம் கையில் இருப்பது ஒன்று: புகைபிடித்தல். முடக்கு வாதம் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. வந்த பிறகு மருந்து வேலை செய்வதையும் குறைக்கிறது. இதயத்தையும் நுரையீரலையும் இந்த நோய் தாக்கும் என்று அடுத்து சொல்லப்போகிறேன். இரண்டிலும் புகை இன்னொரு கொள்ளி.

முதுகுத்தண்டு அழற்சியின் பாதை வேறு. பெரும்பாலும் 45 வயதுக்குள், பலருக்கு இருபதுகளிலேயே தொடங்கும். படுத்தால் கூடும், நடந்தால் குறையும் இடுப்பு வலி. பின்னிரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. இங்கே எலும்பு கரைவதைவிட, தேவையில்லாத இடத்தில் புது எலும்பு முளைத்து முள்ளெலும்புகளை ஒட்டவைப்பதுதான் பெரிய சிக்கல். எல்லோருக்கும் முதுகு முழுவதும் ஒட்டிவிடுவதில்லை. ஆனால் பல ஆண்டுகள் சாதாரண முதுகுவலி என்றே சிகிச்சை நடப்பது இந்த நோயில்தான் அதிகம்.

பாதையை மாற்றிய மருந்துகள்

மருந்தில்லாத காலத்தில் இந்த நோய் எப்படிப் போனது என்பதற்கு ஒரு சாட்சி ஓவியர் ரெனுவார். 1841-இல் பிறந்தவர். ஐம்பது வயதை ஒட்டி முடக்கு வாதம் தொடங்கியது. அவருடைய கடைசி ஆண்டுகளின் புகைப்படங்களில் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கின்றன. தோல் புண்ணாகாமலிருக்கக் கையில் துணி சுற்றியிருக்கிறார்கள். தூரிகையை வேறொருவர் எடுத்து அவர் விரல்களுக்கிடையே வைக்க வேண்டும். 1919-இல் இறக்கும்வரை வரைந்துகொண்டுதான் இருந்தார். அவருடைய மனவுறுதியைப் பார்த்து வியக்கிறோம். எனக்கு அதைவிட அதிகமாகத் தோன்றுவது, நோயை அடக்கும் ஒரு மாத்திரைகூட அவருக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம்.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், படுக்கையில் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தபோது எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது, தொற்றுகள் வந்தன. ஸ்டீராய்டை இன்றும் பயன்படுத்துகிறோம்: குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, மெதுவாக வேலை செய்யும் மருந்து பிடிக்கும்வரை ஒரு பாலமாக.

அந்த மெதுவான மருந்துகளில் முதன்மையானது மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்காக வந்த மருந்து, மிகச் சிறிய அளவில் முடக்கு வாதத்துக்கு அமெரிக்காவில் 1988-இல் அனுமதி பெற்றது. வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் பலனில்லை என்று நிறுத்திவிடுபவர்கள் பலர். இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். மூட்டு நோய்க்கு இந்த மாத்திரை வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையின் மேலேயே எழுதி வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். அதனோடு ஃபோலிக் அமிலமும், குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கருவுக்கு இது ஆபத்து.

1992-இல் லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசியை முடக்கு வாத நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்து கிளைத்தவைதான் இன்று பயாலாஜிக் என்று அழைக்கப்படும் மருந்துகள். மெத்தோட்ரெக்ஸேட் போதாதவர்களுக்கு இவை கைகொடுக்கின்றன.

ஆனால் புது மருந்தைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒரு பழக்கம் என்பது என் கருத்து. 2004-இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வு ஒன்றில் நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றதற்கு மாதம் ஒருமுறை மூட்டுகளை எண்ணி, நோயின் அளவை எண்ணாகக் கணக்கிட்டு, இலக்கை எட்டவில்லையென்றால் அப்போதே மருந்தைக் கூட்டுவது. இரு பிரிவுக்கும் பழைய மருந்துகள்தான். பயாலாஜிக் எதுவும் இல்லை. பதினெட்டு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 16 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியிருந்தது. மாதந்தோறும் அளந்த பிரிவில் 65 சதவீதம். வித்தியாசம் அளந்ததிலும், அளந்தபடி நடந்ததிலும்தான் இருந்தது.

இன்று அப்படி அளக்கப் பரவலாகப் பயன்படும் எண்ணைப் புரிந்துகொள்வது எளிது. 28 மூட்டுகளில் எத்தனை வீங்கியிருக்கின்றன, எத்தனை தொட்டால் வலிக்கின்றன, இரத்தத்தில் அழற்சி அளவு என்ன, நோயாளி தன் நிலையை எப்படி மதிப்பிடுகிறார் என்ற நான்கும் சேர்ந்தது. 2.6-க்குக் கீழே என்றால் அடங்கிய நிலை, 5.1-க்கு மேல் என்றால் கடுமை. பாத மூட்டுகள் அந்த 28-இல் இல்லை. பாதம் வலித்தால் நீங்களே செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள். அடுத்தமுறை போகும்போது "என் எண் எவ்வளவு, போனமுறை எவ்வளவு?" என்று தயங்காமல் கேளுங்கள்.

மூட்டுக்கு வெளியே

அழற்சி இரத்தத்தில் ஓடுகிறது, மூட்டோடு நின்றுவிடாது. முடக்கு வாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய்களின் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. முன்காலத்தில் இந்நோயாளிகளின் ஆயுள் குறைந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது. அண்மைக் காலத்தில் நோய் கண்டறியப்பட்டவர்களிடம் அந்த இடைவெளி சுருங்கிவருகிறது. மூட்டு மருத்துவரிடம் போகும் அன்றே இரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்த்துவிடுவது நல்லது. காரணமில்லாமல் நீடிக்கும் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் நுரையீரலில் வடு விழுவதன் அறிகுறியாக இருக்கலாம். எலும்பு மெலிவுக்கு அழற்சியும் காரணம், ஸ்டீராய்டும் காரணம். தடுப்பூசிகள் எவை எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் விட நோயாளிகள் அதிகம் சொல்வது களைப்பு. பார்ப்பவருக்குக் கண்ணில் படாத ஒன்று. விரல் வீங்கினால் நம்புகிற வீட்டார், "உட்கார்ந்துதானே இருக்கிறாய், என்ன களைப்பு?" என்கிறார்கள். அது சோம்பலில்லை, அழற்சியும், வலியால் கெட்ட தூக்கமும், உழைக்காமல் மெலிந்த தசையும் சேர்ந்து செய்வது. மனச்சோர்வும் இந்நோயாளிகளிடம் மற்றவர்களைவிடக் கூடுதல். இரத்தப் பரிசோதனைத் தாளில் அது வராததால், கேட்டால்தான் தெரியும்.

வேலை இழப்பும் அப்படித்தான். அது பெரும்பாலும் நோயின் கடைசியில் நடப்பதில்லை, தொடக்க ஆண்டுகளில் நடக்கிறது. ஒருமுறை வேலையை விட்டவர் திரும்பிச் சேர்வது கடினம். ஆகவே வேலையை விட்டுவிடும் முன், காலை நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்க முடியுமா, தூக்கும் வேலையை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்ப்பது முக்கியம்.

ஒரு காலத்தில் இந்நோய்க்கு முழு ஓய்வு என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள். இப்போது அது தவறென்று தெரியும். மூட்டு கொதித்துக்கொண்டிருக்கும் சில நாட்களில் அந்த மூட்டுக்கு ஓய்வு வேண்டும்; மற்ற நாட்களில் நடையும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் மூட்டைக் காக்கின்றன, களைப்பையும் குறைக்கின்றன.

எண் நன்றாக இருக்கிறது, வலி ஏன் போகவில்லை?

வீக்கம் இல்லை, சிஆர்பி சரியாக இருக்கிறது, ஆனாலும் வலிக்கிறது. இப்படிச் சொல்பவர்கள் நிறைய. முன்பே விழுந்த அரிப்பு காரணமாக இருக்கலாம். நெடுநாள் வலியில் நரம்புகள் கூர்மையாகி, சிறு தொடுகையையும் வலியாகச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கலாம். இரண்டும் உண்மையான வலிகள். ஆனால் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தைக் கூட்டினால் இவை தீராது. வேறு வழியில் கவனிக்க வேண்டியவை. எந்த வலி எதனால் என்று பிரித்துப் பார்க்கும் மருத்துவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மருந்தை நிறுத்தலாமா?

நோய் அடங்கி ஓராண்டு, ஈராண்டு ஆனதும் எல்லோரும் வந்து நிற்கும் கேள்வி இது. அடங்குவது வேறு, அற்றுப்போவது வேறு. முடக்கு வாதம் நன்றாக அடங்கிய நிலையில் இருந்தவர்களிடம் மருந்தை முற்றிலும் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓராண்டு அளவில் நோய் மீண்டும் கிளம்பியது. ஆன்டி-சிசிபி உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். அதனால் முதலில் ஸ்டீராய்டு, பிறகு மற்றவை என்று படிப்படியாக, மருத்துவரின் கண் முன்னால் குறைப்பதுதான் இன்றைய முறை. சிலருக்குச் சிறிய அளவு மெத்தோட்ரெக்ஸேட் ஒன்றே போதுமானதாகி, ஆண்டுக்கணக்கில் அப்படியே போகிறது. குறைக்கும்போது மீண்டும் கிளம்பினால், பழைய மருந்தையே திரும்பத் தொடங்கியதும் பெரும்பாலோருக்கு மறுபடி அடங்குகிறது. தானாக நிறுத்திவிட்டு, கிளம்பியதை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வலி மாத்திரையில் ஓட்டுபவர்களுக்குத்தான், அடுத்த எக்ஸ்ரேயில் புதிய தடம் விழுந்திருக்கும் ஆபத்து கூடுகிறது.